ஜர்னலிசம் பேப்பர் எடுக்கிறேன். சிலபஸைத் தாண்டி பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?

தேரிக்காடு எழுதியது:

வணக்கம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில், விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) துறையில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். அதற்கு முன் சென்னையில் ஒரு செய்தி சேனலில் கொஞ்ச காலம் டெஸ்கில், அதாவது வரும் செய்தியைத் திருத்தி வெளியிடும் பிரிவில் இருந்தேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்தவள், அப்படியே இங்கே சேர்ந்துவிட்டேன்.

இந்த செமஸ்டரில் செய்தி எழுதும் பேப்பர் என் தலையில் விழுந்திருக்கிறது. சிலபஸ் ஐந்து யூனிட். முதல் யூனிட் 1780-இல் இந்தியாவின் முதல் செய்தித்தாளான ஹிக்கியின் கெஜட்டில் ஆரம்பித்து, சுதேசமித்திரன், தினமணி, தினத்தந்தி என்று வந்து சுதந்திரத்தோடு நின்றுவிடுகிறது. இரண்டாவது தலைகீழ் பிரமிடு, அதாவது முக்கியமானதை முதலில் சொல்லி மற்றதைப் பின்னால் தள்ளும் செய்தி வடிவம். மூன்றாவது 'நல்ல நிருபரின் பண்புகள்', அதாவது நேரம் தவறாமை, நாவடக்கம் வகையறா. நான்காவது சட்டம். அதில் அவதூறுக்கு இன்னும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் (ஐ.பி.சி.) 499, 500 என்றுதான் இருக்கிறது. ஐந்தாவது 'புதிய ஊடகம்'. அதில் வலைப்பூ, மின்னஞ்சல் என்று நாலு வரி.

வகுப்பில் பெரும்பாலானவர்கள் வீட்டில் முதல் பட்டதாரிகள். வீட்டில் பேப்பர் வாங்குகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். செய்தி என்றால் அவர்களுக்கு இன்ஸ்டாவில் வரும் நியூஸ் கார்டு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வரும் முப்பது விநாடி வீடியோ. ஆனால் ஷூட்டிங், எடிட்டிங்கில் என்னைவிட வேகம். போனிலேயே வெட்டி, சப்டைட்டில் போட்டு, மியூசிக் சேர்த்துக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். பாதிப் பேருக்கு யூடியூப் சேனல் ஆரம்பிக்க வேண்டும். இரண்டு பெண்களுக்குச் செய்தி வாசிப்பாளர் ஆக வேண்டும். மீதிப் பேருக்கு டிகிரி கிடைத்தால் போதும்.

முதல் அசைன்மென்டாக 'உங்கள் ஊரில் ஒரு பிரச்சினை' பற்றி ஒரு பக்கச் செய்தி கேட்டேன். வந்ததில் முக்கால்வாசி ஏ.ஐ. எழுதியது. எல்லா ஊரிலும் குடிநீர் 'முக்கியப் பங்கு வகிக்கிறது'. எல்லா ஊரிலும் 'பொதுமக்களும் அரசும் இணைந்து செயல்பட வேண்டியது அவசியமாகிறது'. ஒரு தெருப் பெயர் கிடையாது. ஒரு ஆள் பேசவில்லை.

ஹெச்.ஓ.டி. நல்லவர்தான். "போர்ஷனை முடிங்க மேடம், மற்றதெல்லாம் உங்க இஷ்டம்" என்கிறார். லேபில் ஓடுகிற கம்ப்யூட்டர் குறைவு. பட்ஜெட் என்று எதுவும் இல்லை.

அச்சுப் பத்திரிகைக்காக எழுதப்பட்ட பாடத்தை வைத்து, அச்சுப் பத்திரிகையே படிக்காத பிள்ளைகளுக்கு நான் எதைச் சொல்லிக்கொடுப்பது? ஏ.ஐ.யை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? இதில் வேலை இருக்கிறது என்று அவர்களை நம்பவைப்பது நியாயமா என்றும் அவ்வப்போது தோன்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


டெஸ்க் அண்ணாச்சி எழுதியது:

மேடம், நான் நெல்லையில் ஒரு தமிழ் நாளிதழின் டெஸ்கில் ரொம்ப வருஷம் குப்பை கொட்டியவன். இப்போது இரண்டு மூன்று கல்லூரிகளில் வகுப்பு எடுக்கிறேன், உங்கள் மாவட்டத்தில் ஒன்று உட்பட. அதனால் நீங்கள் சொல்லும் வகுப்பறை எனக்குத் தெரியும்.

சிலபஸோடு மல்லுக்கு நிற்காதீர்கள். முதலில் ஒரு வேலை செய்யுங்கள். வகுப்பில் யார் யார் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்று போர்டில் எழுதுங்கள். சாத்தான்குளம், உடன்குடி, நாசரேத், ஏரல், ஆறுமுகநேரி, ஸ்ரீவைகுண்டம் என்று வரும். அதற்குள்ளே குட்டிக் குட்டிக் கிராமங்கள் வரும். எந்தப் பெரிய பத்திரிகைக்கும் இந்த மாவட்டத்தில் இத்தனை ஊரில் ஆள் கிடையாது. தாலுகாவுக்கு ஒரு பகுதிநேர நிருபர் இருந்தால் பெரிய விஷயம். சென்னையில் லட்சக்கணக்கில் கட்டிப் படிக்கிற பையன் உங்கள் ஊர்ப் பக்கம் வந்து ஒரு செய்தி எடுக்க வேண்டுமானால் லாட்ஜ் போட வேண்டும். உங்கள் பிள்ளைகள் ராத்திரி சாப்பிட வீட்டுக்குப் போனாலே ஸ்பாட்டில் இருக்கிறார்கள். நான் பாடத்தை இதிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

அடுத்தது கிராம சபை. முன்பு வருடத்துக்கு நாலு. 2022-இலிருந்து ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஜூனில் தொடங்கும் செமஸ்டருக்குள்ளேயே மூன்று வந்துவிடும். ஒவ்வொருவரும் அவரவர் ஊர் சபைக்குப் போக வேண்டும். என் நிபந்தனை: செய்தியில் ரூபாய்க் கணக்கு ஒன்று இருக்க வேண்டும், யாரோ கேட்ட ஒரு கேள்வியும் அதற்கு வந்த பதிலும் இருக்க வேண்டும், மேடைப் பக்கம் கூப்பிடப்படாத ஒருவர் பேசியிருக்க வேண்டும். 'சிறப்பாக நடைபெற்றது' என்ற சொல் இருந்தால் காப்பி திரும்பி வரும்.

2025 சுதந்திர தின சபைக்கு உங்கள் மாவட்டத்துப் பையன் ஒருவன் அழகான அறிக்கை கொடுத்தான். 'ஊராட்சி மன்றத் தலைவர் தலைமையில்' என்று ஆரம்பித்தது. 27 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் அந்த வருடம் ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் கையில் நிர்வாகம் போய்விட்டது. தூத்துக்குடி அதில் உண்டு. நெல்லையும் தென்காசியும் 2021-இல் தனியாகத் தேர்தல் நடந்த ஒன்பது மாவட்டங்களில் வருவதால் அங்கே மட்டும் தலைவர்கள் இருந்தார்கள். பையன் சபைக்கும் போகவில்லை, ஊரில் தலைவரே இல்லை என்பதும் தெரியவில்லை. ஏ.ஐ. அவனுக்கு ஒரு தலைவரை நியமித்துக் கொடுத்துவிட்டது. நான் திட்டவில்லை. "அந்தத் தலைவர் பேர் என்னப்பா?" என்று மட்டும் கேட்டேன். வகுப்பே சிரித்தது. அடுத்த சபைக்கு முதல் ஆளாகப் போனவன் அவன்தான். தெருவிளக்குக்கு எவ்வளவு செலவு என்று எழுந்து கேட்டு, எழுதிக்கொண்டு வந்தான்.

ஏ.ஐ.க்கு என் ஏற்பாடு சிம்பிள். இன்டர்னல் மார்க்கில் பெரும்பங்கு கைநோட்டுக்கு. யாரிடம் பேசினாய், எங்கே, எத்தனை மணிக்கு, என்ன சொன்னார், போன் நம்பர் என்ன. வகுப்பில் சீட்டு எடுத்து ஒரு நோட்டைத் திறந்து, அந்த நம்பருக்கு ஸ்பீக்கரில் போன் போடுவேன். "உங்க ஊர்ப் பிள்ளை வந்து பேசுச்சா?" அவ்வளவுதான். இது தெரிந்த பிறகு யாரும் ஆளை இட்டுக்கட்டுவதில்லை. இன்னொன்றும் செய்கிறேன். அவர்களுடைய நோட்டையே ஏ.ஐ.யிடம் கொடுத்து செய்தி எழுதச் சொல்லி, நோட்டில் இல்லாத எதையெல்லாம் அது சேர்த்தது என்று சிவப்புப் பேனாவால் வட்டம் போடச் சொல்கிறேன். 'அப்பகுதி மக்கள் மிகுந்த வேதனையடைந்துள்ளனர்' என்பதில் வட்டம் விழும். எத்தனை பேர், யார், யாரிடம் சொன்னார்கள்? பதில் இல்லை. தமிழ்ப் பத்திரிகைகளில் நாங்களும் இந்த வாக்கியத்தைத்தான் காலங்காலமாக எழுதிவந்தோம் என்பது வேறு விஷயம். அது எங்களிடம்தானே கற்றுக்கொண்டது!

சபை இல்லாத வாரங்களில் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ். மக்கள் குறைதீர்க்கும் நாள். உள்ளே போக வேண்டாம். வெளியே மரத்தடியில் மனு எழுதித் தருகிறவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மாவட்டமே காதில் விழும். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், ஆக்கிரமிப்பு, கந்துவட்டி. ஒருவரைப் பிடித்து, அவர் அனுமதியோடு, அந்த மனு செமஸ்டர் முடிவதற்குள் எந்த மேஜைக்குப் போனது என்று பின்தொடரச் சொல்லுங்கள். தலைகீழ் பிரமிடு அதில் தானாக வந்துவிடும். ஏனென்றால் பிள்ளைக்குச் சொல்ல நிறைய இருக்கும், இடம் குறைவாக இருக்கும்.

ஊடக அறம் பற்றிய வகுப்பையும் இந்த இடத்தில்தான் எடுக்கிறேன். 2017 அக்டோபர் 23, நெல்லை கலெக்டர் ஆபீஸ். கந்துவட்டிக் கொடுமை என்று திரும்பத் திரும்ப மனு கொடுத்த ஒரு குடும்பம், கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், வளாகத்திலேயே தீ வைத்துக்கொண்டது. நாலு பேரும் பிழைக்கவில்லை. அந்தப் படங்கள் நாடு முழுக்கப் போயின. நான் வகுப்பில் படத்தைக் காட்ட மாட்டேன். 'கேமராவைப் பிடிப்பாயா, தண்ணீர் எடுக்க ஓடுவாயா' என்ற பட்டிமன்றமும் வைக்க மாட்டேன். அதில் எல்லோரும் தண்ணீர் என்று சொல்லிவிட்டு நல்லவராக வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் கேட்பது வேறு. முதல் மனுவோடு அந்த மனிதர் உன் பக்கத்தில் வந்து நின்றிருந்தால், உன் பேஜில் அது பிட் நியூஸாகவாவது வந்திருக்குமா? வராது என்றால் ஏன் வராது? இந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் ரொம்ப நேரம் பேசுகிறார்கள். இதே சம்பவத்துக்காக முதல்வர், கலெக்டர், கமிஷனரை வைத்துக் கார்ட்டூன் வரைந்த பாலா அடுத்த மாதமே கைதானார் என்பதையும் சேர்த்துச் சொன்னால், நான்காவது யூனிட்டுக்குள் நுழைய வாசல் கிடைத்துவிடும்.

சட்டத்தைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1-இலிருந்து ஐ.பி.சி.க்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.). அவதூறு அதில் 356. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்ற பழைய 228ஏ இப்போது 72. குழந்தை என்றால் போக்சோ சட்டம் 23-ஆம் பிரிவு. பத்திரிகைப் பதிவுக்கு 1867 சட்டம் போய், 2023-இல் கொண்டுவந்த புதுச் சட்டம் 2024 மார்ச்சில் அமலுக்கு வந்துவிட்டது. நம்பர்களை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். பேர் போடாமல் பள்ளிக்கூடம், தெரு, அப்பா வேலை எல்லாம் போட்டுவிட்டு 'பேர் போடலையே சார்' என்பார்கள். அதைத்தான் உடைக்க வேண்டும். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கில் எஃப்.ஐ.ஆரே வெளியே கசிந்து, அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. போலீஸ் ஆவணத்தில் இருக்கிறது என்பதற்காக நாம் போட்டுவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கடைசியாகக் கணக்கு. விஸ்காம் எடுத்ததே கணக்குக்குப் பயந்துதான் என்று ஒரு கூட்டம் இருக்கும். விடாதீர்கள். 143 அடி உயரமுள்ள பாபநாசம் அணை, 118 அடி உயரமுள்ள மணிமுத்தாறு அணை என்று தினமும் பேப்பரில் வருகிறது. 'அணையிலிருந்து இத்தனை கனஅடி திறப்பு' என்றால் என்ன அர்த்தம்? விநாடிக்கு 11,574 கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கனஅடி. அதை அவர்களே வகுத்துக் கண்டுபிடிக்கட்டும். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு கோடி லிட்டர் தண்ணீர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். உங்கள் பிள்ளைகள் அந்த வெள்ளத்தில் நின்றவர்கள். சதுர கிலோமீட்டருக்கு 95 கோடி லிட்டர் என்று போர்டில் எழுதிப் பாருங்கள், வகுப்பு எப்படி நிமிர்கிறது என்று.


மூன்றாம் ஷிப்ட் எழுதியது:

சென்னையில் ஒரு செய்தித் தளத்தில் டிஜிட்டல் டெஸ்கில் இருக்கிறேன். அண்ணாச்சி சொன்னதில் ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பையன் தெருவிளக்குச் செலவைக் கேட்டு எழுதிக்கொண்டு என்னிடம் இன்டர்வியூவுக்கு வந்தால், நான் அவனிடம் என்ன கேட்பேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு ஷிப்டில் எட்டு பத்து செய்தி போட வேண்டும். அதில் பெரும்பாலானவை ஏஜென்சி காப்பி, பிரஸ் நோட், வேறு சேனலில் ஓடும் பிரேக்கிங். கூகுள் டிஸ்கவரில் எடுக்கிற மாதிரி தலைப்பு, நோட்டிபிகேஷனுக்கு ஒரு வரி, நியூஸ் கார்டுக்கு ரெண்டு வரி, ஷார்ட்ஸுக்கு ஸ்கிரிப்ட். இதெல்லாம் தரக்குறைவான வேலை என்று மூத்தவர்கள் பேசும்போது எனக்கு எரிச்சல் வரும். இரண்டு வரி கார்டில் தப்பில்லாமல் ஒரு தீர்ப்பைச் சொல்வது கால் பக்கக் கட்டுரையைவிடக் கஷ்டம். 'விடுதலை' என்று போடுவதா, 'ஜாமீன்' என்று போடுவதா, 'தண்டனை நிறுத்திவைப்பு' என்று போடுவதா? மூன்றையும் குழப்புகிறவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

அதனால் மேடம், அதே கிராம சபைச் செய்தியை ஒரு நிமிட வாய்ஸ் ஓவராகவும் எழுதச் சொல்லுங்கள். நூற்றிருபது வார்த்தைக்கு மேல் போனால் மூச்சு வாங்கும். படித்து ரெக்கார்ட் செய்து, எடிட் செய்து, நோட்டையும் சேர்த்துக் கொடுக்கட்டும். எடிட்டிங் அவர்களுக்குத் தெரியும் என்கிறீர்கள், பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று, போலி நியூஸ் கார்டு. தமிழில் பொய்ச் செய்தி பெரும்பாலும் ஏதாவது ஒரு சேனல் லோகோவோடு கார்டாகத்தான் வருகிறது. வாரம் ஒன்று எடுத்து வகுப்பில் போடுங்கள். எழுத்துரு ஒரிஜினல்தானா, தேதி எங்கே, அந்தச் சேனலின் பக்கத்தில் அந்த நேரத்தில் என்ன போட்டிருந்தார்கள். வீடியோ என்றால் ஃப்ரேமை எடுத்து ரிவர்ஸ் இமேஜ் தேடல், கடைப் பலகையில் என்ன மொழி, வண்டி நம்பர் எந்த மாநிலம். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவியதே, அதை ஒரு முழு வகுப்பாக எடுக்கலாம். அதில் ஒன்று பீகார் ஆட்களே இரண்டு கோஷ்டியாக அடித்துக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் சண்டை, இரண்டுமே பழையது என்று அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு வெளியே வந்து சொல்ல வேண்டியதாயிற்று. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. ஊருக்குக் கிளம்பத் தயாரான தொழிலாளிக்கு அந்த வீடியோ என்ன செய்தது என்று பிள்ளைகள் யோசிக்கட்டும். திருப்பூரில் வேலைபார்க்கும் சொந்தக்காரர் உங்கள் வகுப்பில் யாருக்காவது கண்டிப்பாக இருப்பார்.


தாலுகா எழுதியது:

நானும் உங்க மாவட்டம்தான் மேடம். ஊர் வேண்டாம். ஒரு பத்திரிகைக்குப் பகுதிநேரம்.

வேலை இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. சம்பளம்தான் இல்லை. எங்களுக்குச் செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு, அதுவும் வந்தால்தான். தீபாவளி, பொங்கல் மலர் வந்தால் விளம்பரம் பிடித்துத் தர வேண்டும். யாரிடம் விளம்பரம் வாங்குகிறோமோ அவர்களைப் பற்றித்தான் மறுநாள் செய்தியும் வரும். இதைப் பாடமாக யாரும் நடத்தமாட்டார்கள், நீங்களாவது ஒரு பீரியட் நடத்துங்கள். வண்டியில் பிரஸ் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு கடை கடையாக வசூல் பண்ணுகிற ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதும் அதில் புரிந்துவிடும்.

அண்ணாச்சி ஊர் ஊராகப் பிள்ளைகளை அனுப்புங்கள் என்கிறார். அனுப்புங்கள், ஆனால் மணல், கஞ்சா, சாதி மோதல் மூன்றையும் தொட வேண்டாம். 2023 ஏப்ரலில் முறப்பநாட்டில் என்ன நடந்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த வி.ஏ.ஓ. லூர்து பிரான்சிஸை ஆபீசுக்குள்ளே புகுந்து வெட்டிக் கொன்றார்கள். அரசு அதிகாரிக்கே அந்தக் கதி. மார்க்குக்காக ஒரு பிள்ளை போய் ஆற்றங்கரையில் போன் எடுத்து வீடியோ பிடிக்கக் கூடாது.

ஆர்.டி.ஐ. போடச் சொல்வதாக இருந்தாலும் மாணவர் பேர், வீட்டு முகவரியில் வேண்டாம். பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புகிற மனு, சம்பந்தப்பட்ட ஆள் கைக்கு சாயந்திரமே போய்விடுகிற ஊர்கள் உண்டு. பெரியவர்கள் யாராவது பேரில் கல்லூரி முகவரிக்குப் போடுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, சட்டத்திலேயே இருக்கிறது. 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. ஒரு செமஸ்டருக்குள் அதுவரை பார்த்துவிடலாம்.


தேரிக்காடு எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. தாலுகா அண்ணன் சொன்னதைப் படித்ததும், போட்டு வைத்திருந்த ஒரு அசைன்மென்ட்டை அழித்துவிட்டேன். (ஆமாம், மணல்.)

ஊர்களை இன்று போர்டில் எழுதினேன். முப்பத்தெட்டு பேர், இருபத்தொன்பது ஊர். எனக்கே ஆச்சரியம். அதில் நாலு ஊர் பேர் எனக்குத் தெரியாது.

ஒரு சிக்கல். வகுப்பில் பெண்கள்தான் அதிகம். "சபைக்கெல்லாம் ஆம்பளைங்கதான் மேடம் போவாங்க, எங்கப்பா விடமாட்டார்" என்று முதல் நாளே கை தூக்கிவிட்டார்கள். கலெக்டர் ஆபீஸும் பாதிப் பேருக்கு இரண்டு பஸ் மாற வேண்டிய தூரம். இன்னொன்று, நல்ல செய்தியாக வந்தால் எங்கே போடுவது? நோட்டுக்குள்ளேயே கிடந்தால் அவர்களுக்கு உற்சாகம் இருக்காது. போட்டால் கல்லூரிக்குப் பிரச்சினை வருமோ என்று ஹெச்.ஓ.டி. பயப்படுகிறார்.


டெஸ்க் அண்ணாச்சி எழுதியது:

பெண் பிள்ளைகளைத் தனியாக அனுப்ப வேண்டாம், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மா என்றால் சபையில் கேட்பதற்கு அவருக்கே ஆயிரம் கேள்வி இருக்கும். ஒரு பிள்ளை அம்மாவோடு போய், அம்மா கேட்டதையே செய்தியாக எழுதிவந்தது. சொந்தக்காரரை மேற்கோள் காட்டலாமா என்று அன்றைக்கு வகுப்பில் பெரிய சண்டை. அம்மா என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அதே கேள்வியை வைத்திருந்த இன்னொருவரையும் பேசவைக்க வேண்டும் என்று அவர்களே முடிவுக்கு வந்தார்கள். அறம் பற்றி நான் நோட்ஸ் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது.

சபையே வேண்டாம் என்பவர்களுக்கு டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். உங்கள் பிள்ளைகள் தினமும் அதில்தான் வருகிறார்கள். எந்த டிரிப் வருகிறது, எது கட் ஆகிறது, எந்த ஸ்டாப்பில் நிற்காமல் போகிறான், கடைசி வண்டி எத்தனை மணிக்கு. ஒரு மாதம் எல்லோரும் சேர்ந்து ஒரே ஷீட்டில் குறிக்கட்டும். பிறகு டெப்போ மேலாளரிடம் அதைக் காட்டிப் பதில் கேட்கட்டும். மூன்றாம் ஷிப்ட் தம்பி ஆபீஸில் இதைத்தான் டேட்டா ஜர்னலிசம் என்று பெரிய பேர் வைத்துச் சொல்வார்கள். டிரைவர், கண்டக்டர் பக்கமும் கேட்கச் சொல்லுங்கள், அதை விட்டுவிட்டால் செய்தி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஆள் பற்றாக்குறை, டபுள் டியூட்டி என்று அவர்களிடம் வேறு கதை இருக்கும்.

எங்கே போடுவது என்றால், முதல் செமஸ்டர் துறை வராண்டாவில் சுவர்ப் பத்திரிகை. ஏ3 தாளில் நாலு பக்கம், ஜெராக்ஸ் கடைக்காரர் புண்ணியம். மற்ற துறைப் பிள்ளைகள் நின்று படிப்பதைப் பார்த்தாலே இவர்களுக்குத் தூக்கம் வராது. யூடியூப் எல்லாம் அடுத்த செமஸ்டர். அதற்கு முன் ஒரு பழக்கம் வேண்டும்: யாரைப் பற்றிக் குறை எழுதினாலும் அவரிடம் கேட்டு, அவர் சொன்னதையும், சொல்ல மறுத்தால் மறுத்ததையும் நேரத்தோடு எழுத வேண்டும். ஹெச்.ஓ.டி. பயத்துக்கும் அதுதான் மருந்து. அவரையே ஆசிரியர் குழுவில் போட்டு, கடைசிப் புரூஃபில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். தாலுகா தம்பி சொன்ன மூன்று விஷயத்தையும் முதல் விதியாக எழுதி ஒட்டுங்கள். நான் என் வகுப்பிலும் ஒட்டப் போகிறேன்.

சம்பளம் பற்றி அவர் எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. அதைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள், அவ்வளவுதான் சொல்ல முடியும். என்னிடம் படித்தவர்களில் பத்திரிகைக்குப் போனவர்கள் கொஞ்சம் பேர். ஒருத்தி வக்கீல் ஆபீஸில் இருக்கிறாள், ஒருவன் ஊராட்சி செயலர் வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறான். அவன் ஊர் சபையில் இப்போது யார் வந்து கேள்வி கேட்டாலும் அவனுக்குப் பதில் தெரியும்.


மூன்றாம் ஷிப்ட் எழுதியது:

பஸ் ஷீட் முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள் மேடம். மொத்தமாகப் போட முடியுமா என்று எடிட்டரிடம் கேட்கிறேன், வாக்குறுதி தரவில்லை. போட்டால் பிள்ளைகள் பேர் பைலைனில், அதாவது எழுதியவர் பேர் போடும் இடத்தில் வர வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்வோம், இல்லாவிட்டால் 'நமது நிருபர்' என்று போட்டுவிடுவார்கள். நோட்டுகளையும் ஸ்கேன் செய்து வையுங்கள். எங்கள் பக்கத்திலும் ஒருவர் போன் போட்டுப் பார்ப்பார்.


தாலுகா எழுதியது:

டெப்போவுக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள், மேலாளர் மீட்டிங்கில் இருப்பார். புதன் மத்தியானம் நல்ல நேரம்.